பழுது நோட்டு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று இருபதுக்கு, நலத்துறையின் பெண் மதிப்பீட்டாளர் ஒருவர் ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டாம் எண் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மதிப்பீட்டு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இது பதிவாகியிருக்கிறது: ‘விண்ணப்பதாரர் சக்கர நாற்காலியில் இருந்தபடி, வந்தவருக்குத் தாமே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.’

பதினெட்டு நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. காலையில் அரசுச் செலவில் வீட்டுக்கு வரும் உதவியாளரின் நேரம், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நான்கு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

விண்ணப்பதாரர் ஒரு காலத்தில் லிப்ட் மெக்கானிக். இப்போதும் அக்கம்பக்கத்தில் அவருக்கு மெக்கானிக் என்றே பெயர். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடியின் லிப்ட் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தார். கதவுக்குப் பின்னால் லிப்ட் இல்லை. விழுந்ததில் கழுத்துப் பக்கம் தண்டுவடம் நசுங்கியது. கால்கள் போயின, கைகள் பாதி மிஞ்சின. தோள் ஏறும், முழங்கை மடங்கும், விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது.

உண்மையைச் சொன்னால், நோட்டீசைப் படித்த அன்று அரை நாள் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: தானே செய்கிறார், சிறு உதவியுடன், முழு உதவியுடன். பதினாறு இடத்தில் ‘தானே’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தது. பள்ளியில்கூட அவர் இப்படி மார்க் வாங்கியதில்லை.

மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டீசை இரண்டு முறை படித்தாள். முகம் சுண்டிப்போனது. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. ஆறரைக்கு ஷிப்ட். ஆறு மணிக்கு உதவியாளர் உள்ளே வந்தால்தான் அவள் வெளியே போக முடியும். அந்த உதவியாளர் முன்னாள் பளுதூக்கும் வீரர், ஆள் மலை போல் இருப்பார். அவருக்கே மெக்கானிக்கைக் கழுவி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, சாப்பிட வைத்து முடிக்க ஒன்பதரை தாண்டிவிடும். ஒரு மணி நேரம் என்றால் மிச்சத்தை அவள் செய்ய வேண்டும். வேறு ஷிப்ட் கிடையாது என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார். அந்தச் சம்பளம் நின்றால் அந்த வீட்டுக்கு வாடகை இல்லை. அவள் இதையெல்லாம் விளக்கவில்லை. நோட்டீசை மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு, “நான் அடுப்படியில இருந்தப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னதான் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொன்னதாகச் சொன்னார். சட்டை நீங்களே போடுவீர்களா என்றால் ஆமாம். தண்ணீர் நீங்களே குடிப்பீர்களா என்றால் ஆமாம். பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

மாற்றுத்திறனாளிகளுக்காக வாதாடும் சேவை மையம் ஒன்று மூன்று தெரு தள்ளி இருந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, விசாரணைக்குக் கூடவே வருவார்கள், காசு வாங்குவதில்லை. முன்பு செருப்புக் கடையாக இருந்த இடம். முழங்கால் உயரத்தில் பதித்த கண்ணாடிகளை யாரும் கழற்றவில்லை. காத்திருப்பவர்கள் சக்கரங்களையும் ஊன்றுகோல் முனைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மையத்தை நடத்தியவள் ஐம்பது வயதுக்காரி, இடது காலில் இரும்புப் பட்டை. எதையும் முதலில் பென்சிலில்தான் எழுத வைப்பாள். அதனால் பென்சில் அக்கா.

நோட்டீசைப் படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தீங்க?”

வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது என்றார். வீடு எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டாள். நாலு பேர் வந்து போகிற வீட்டைப் போட்டது போட்டபடியா வைப்பார்கள், கூட்டித் துடைத்துத்தான் வைத்தேன் என்றாள் மனைவி.

“என்கிட்ட நாப்பது ஃபைல் இருக்கு. நாப்பது பேரும் அன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டைதான்” என்றாள் பென்சில் அக்கா. “வந்தவங்ககிட்ட முடியலன்னு சொல்ல நமக்கு வாய் வராது. அவங்களும் முடியுதான்னுதான் கேப்பாங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கேக்க மாட்டாங்க.”

மார்ச் இருபத்து நான்காம் தேதி மேல்முறையீட்டுக் குழு முன் விசாரணை. உத்தரவு வரும்வரை பழைய நேரமே தொடரும். அதற்குள் ஒரு வாரத்துக்கு, காலையில் என்னென்ன நடக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதிவரச் சொன்னாள். ரப்பர் சுற்றிய தடித்த பென்சில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையோடு பட்டையால் கட்டிக் காட்டினாள். எழுத்து பெரிதாக விழுந்தது, பக்கத்துக்கு நான்கு வரி. ஆனால் விழுந்தது.

ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பென்சில் அக்கா முதல் பக்கத்தைப் படித்தாள். ஐந்தாவது பக்கத்தைப் படித்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

‘பல் தேய்த்தல். முடிந்தது. சரி. குளியல். முடிந்தது. சரி. சட்டை. முடிந்தது. சரி. காலைப் பணி நிறைவு.’ ஏழு நாளும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்குக் குளியல்.

“இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, இருக்கிற ஒரு மணி நேரத்தையும் புடுங்கிட்டு விடுவாங்க. யாருண்ணே இப்படி எழுதச் சொல்லிக்குடுத்தது?”

அவருக்குக் கோபம் வந்தது. இருபது வருடம் இப்படித்தான் எழுதினேன், ஒரு கட்டடத்துக்காரன்கூடக் குறை சொன்னதில்லை என்றார். மாதப் பராமரிப்புக்குப் போனால் சர்வீஸ் நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ‘சரி’ என்று எழுதி, கட்டடத்துக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ‘சரி’ போடாமல் எந்த மெக்கானிக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

அப்போ லிப்ட் நின்றுபோனால் என்ன எழுதுவீர்கள் என்று அவள் கேட்டாள்.

அது வேறு நோட்டு என்றார். பழுது நோட்டு. அதில் ‘சரி’ என்ற சொல்லே வரக் கூடாது. எத்தனை மணிக்கு, எங்கே நின்றது, எத்தனை முறை முயன்றது, கடைசியில் இயக்கியது யார். காரணம்கூட எழுதக் கூடாது, நடந்ததை மட்டும்தான். காரணம் கண்டுபிடிப்பது ஆபீஸ் வேலை. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பென்சில் அக்கா மேசையைத் திறந்து புது நோட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“நான் என்ன லிப்டா?”

“இல்லண்ணே. ஆனா நின்னுபோனதை எழுதத் தெரிஞ்ச ஆளு எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல.”

வீட்டுக்கு வரும் வழியில் புது நோட்டை மணிக்கட்டால் மடியோடு அழுத்திக்கொண்டார். மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடைபாதை உடைந்திருந்த இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் காலை உதவியாளரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டையில் தொடங்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது இடித்தது. விரல் பிடிக்காதவனுக்கு ஒன்றரை நிமிடத்தில் சட்டையா? புகார் வந்த லிப்ட், போய்ப் பார்த்தால் வெண்ணெய் போல ஓடுகிறது என்றால், அனுபவமுள்ள மெக்கானிக் சந்தோஷப்பட மாட்டான். எங்கேயோ ஜம்பர் கிடக்கிறது என்று தேட ஆரம்பிப்பான்.

ஜம்பர் என்பது ஒரு துண்டு ஒயர். கதவுப் பூட்டில் கோளாறு இருந்தால் லிப்ட் நகராது. கோளாறைத் தேடும்போது, பூட்டின் இரு முனைகளையும் அந்த ஒயரால் இணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அது கிடக்கும்வரை லிப்டுக்குத் தன் கோளாறு தெரியாது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக நம்பி ஓடும். அதனால் எத்தனை போட்டோமோ அத்தனையையும் எண்ணி எடுக்க வேண்டும். அன்று இரண்டாம் மாடியில் யாரோ எண்ணாமல் விட்ட ஒன்றால்தான், லிப்ட் வேறு மாடிக்குப் போயிருந்தும் கதவு அவருக்குத் திறந்தது.

உதவியாளரைக் கூப்பிட்டுக் கொக்கியில் மாட்டியிருந்த மறுநாளுக்கான சட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கீழே நான்கு பொத்தான்கள் ஏற்கெனவே போட்டிருந்தன. மேலே இரண்டு மட்டும் திறந்து, தலை நுழையும் அளவுக்குக் கழுத்து விரிந்திருந்தது. கைகள் இரண்டும் முழங்கைவரை சுருட்டி விடப்பட்டிருந்தன. கொக்கி, அவர் தோள் உயரத்தில் இருந்தது. அந்தக் கொக்கி எப்போது அங்கே வந்தது என்று அவருக்கு நினைவில்லை.

மாலையில் மனைவியிடம் கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனால் அவர் மேலே கேட்காமல், அன்று மாலை முழுவதும் அவள் பின்னாலேயே நாற்காலியை ஓட்டிக்கொண்டு போனார். அவள் இரண்டு தடவை அவர் காலில் இடித்துக்கொண்டு, “என்னங்க இது, கன்னுக்குட்டி மாதிரி” என்று அலுத்துக்கொண்டாள்.

பற்பசை மூடியைத் திறந்து, பசையைத் தூரிகையில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடினாள். தண்ணீர் பாட்டிலின் மூடியை முழுக்கத் திருகித் திறந்து, சும்மா மேலே வைத்தாள், பாதிக்கு மேல் நிரப்பவில்லை. டம்ளருக்கு அடியில் ரப்பர் வட்டு வைத்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகரும் சறுக்குப் பலகையில் பவுடர் தூவினாள். படுக்கை விரிப்பை இழுத்து இறுக்கினாள். அவர் பிடித்து எழுவதற்காகக் கட்டிலில் கட்டியிருந்த கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டாள். இவற்றை அவள் வேலையாகச் செய்யவில்லை. சலவைப் பிரிவில் யார் யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டே, போகிற போக்கில் செய்தாள். அவர் மடியில் நோட்டு இருந்தது. பதினொன்றுவரை எண்ணினார்.

“இது எத்தனை நாளா நடக்குது?”

“எது?”

வரிசையாகப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நானே செய்யுறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றார் அவர். “நீ என்னை முட்டாளாக்கியிருக்க.”

“முட்டாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்சேன்னு நினைச்சுக்காதீங்க. ஆறு பத்து பஸ்ஸ விட்டா எனக்கு ஷிப்ட் போச்சு. நீங்க சட்டையோட மல்லுக்கட்டிட்டு, கோவத்துல அதைத் தூக்கி எறிஞ்சா, எடுத்துக் குடுத்துட்டுப் போக எனக்கு நேரமில்ல. அதான்.”

பாசத்தால் செய்தேன் என்று அவள் சொல்லியிருந்தால் அவர் வீறாப்பாக ஏதாவது பேசியிருப்பார். பஸ் நேரத்தோடு அவரால் வாதாட முடியவில்லை.

ஜம்பர்கள் அத்தனையையும் எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. பென்சில் அக்கா இதைக் கேட்டதும் தயங்கினாள். பிறகு இரண்டு நிபந்தனை போட்டாள். மனைவி அறையிலேயே இருக்க வேண்டும், விழப் போனால் பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் நீட்டக் கூடாது. வியாழக்கிழமை மனைவிக்கு விடுமுறை. உதவியாளரைப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். முந்தைய மாலை அவள் எதையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்காமல் இருப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது. பாட்டில் மூடியைத் திறந்துவிட்டு, நினைவு வந்து, திரும்பிப் போய் மூடினாள்.

காலையில் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். லிப்ட் குழிக்குள் நின்று யாரும் எழுத முடியாது. நேரங்களை நினைவில் வைத்து மேலே வந்து எழுதிப் பழகியவர். அன்று பதினொரு மணிக்கு எழுத உட்கார்ந்தபோது ஒன்றும் விடுபடவில்லை.

மார்ச் இருபத்து நான்காம் தேதி விசாரணை அறையில் ஐந்து பேர் எதிரே இருந்தார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, வயதான பெண்மணி. அவருக்கு ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் துறை அதிகாரி. ஓரத்தில் துறையின் சார்பாகப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் மதிப்பீடு செய்த அந்த இளம்பெண். அவள், தான் அன்று பார்த்ததைத்தான் எழுதினேன், ஒரு வரிகூடக் கூட்டி எழுதவில்லை என்றாள்.

பென்சில் அக்கா எழுந்திருக்க மேசையைப் பிடித்தாள். அதற்குள் மெக்கானிக் பேசிவிட்டார்.

“அந்தப் பொண்ணு எழுதினது சரிதாம்மா. அது பாத்தது ஜம்பர் போட்டு ஓடின லிப்டை.”

அதற்கு விளக்கம் சொல்லச் சில நிமிடங்கள் ஆயின. துறையின் சார்பாகப் பேசியவர், இது வீட்டிலேயே எழுதிய நோட்டுதானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாமே என்று கேட்டார். அப்படி எழுதுவதாக இருந்தால் முதல் நோட்டையும் ஏன் கொடுக்கிறோம் என்று கேட்டு, பென்சில் அக்கா இரண்டையும் சேர்த்துக் குழுவிடம் நீட்டினாள். முதல் நோட்டு கை மாறிக் கை மாறிப் போனது. ‘காலைப் பணி நிறைவு’ என்ற வரியில் மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. தலைவருக்கு வரவில்லை. வியாழக்கிழமையை அவரையே படிக்கச் சொன்னார்.

பென்சில் அக்கா நோட்டை மடியில் விரித்துக் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆறு ஐந்து. விழிப்பு. குழாயில் மாட்டிய சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கிறது. ஆறு பத்து. பையின் அடைப்பைத் திறக்க முயற்சி, நான்கு முறை. நின்றது. ஆறு இருபத்தைந்து. மணிக்கட்டால் தள்ளியதில் திறந்தது. மூட முடியவில்லை. படுக்கை நனைந்தது.”

இங்கே அவர் நிறுத்தினார். வரவேண்டிய அடுத்த வரியை விரலால் தேடுவது போல நோட்டின் மேல் கையை வைத்திருந்தார். மனைவி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுது நோட்டில் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. அவர் படித்தார்.

“ஆறு நாற்பது. உட்கார முயற்சி, மூன்று முறை. நின்ற இடம், முழங்கை. ஏழு இருபது. உட்கார்ந்தாயிற்று. ஏழு இருபத்தைந்து. காலில் இழுப்பு. பக்கவாட்டில் சாய்ந்தது. எழவில்லை. எட்டு பத்து. மனைவி வெளியே போனார். குழாய் திறந்த சத்தம். எட்டு பதினான்கு. திரும்பி வந்தார். எட்டு ஐம்பது. படுத்தபடி சட்டை. வலது கை நுழைந்தது. இடது கை நுழையவில்லை, ஒன்பது முறை. ஒன்பது நாற்பது. தண்ணீர் பாட்டில். மூடி திறக்கவில்லை. ஒன்பது ஐம்பது. நிறுத்தம். இயக்கியவர்கள், உதவியாளரும் மனைவியும்.”

படித்து முடித்து நோட்டை மூடினார். வெட்கமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வேலையில் இருந்த நாட்களில், கோளாறை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்துவிட்டு ஆபீசிலிருந்து வெளியே வரும்போது தோளில் ஒரு களைப்பு இருக்கும். அது இப்போதும் இருந்தது.

மருத்துவர் கழுத்துக் காயம் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டார். தலைவர் மனைவி பக்கம் திரும்பினார். மதிப்பீட்டின்போது நீங்களும் வீட்டில் இருந்திருக்கிறீர்கள், இதில் எதையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“கேட்டதெல்லாம் அவர்கிட்டம்மா” என்றாள் அவள். “என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல.”

தலைவர் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை புரட்டினார். அந்த இளம்பெண்ணும் தன் கையிலிருந்த பிரதியைப் புரட்டினாள். இருபத்திரண்டு கேள்விகளில் வீட்டில் இருக்கும் மற்றவரைக் கேட்கும் கேள்வி ஒன்றும் இல்லை. படிவத்தை மாற்றும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லை என்று துறை அதிகாரி நினைவூட்டினார். தெரியும் என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் மனைவி பென்சில் அக்காவிடம், ஜெயித்துவிடுவோமா என்று கேட்டாள். அதைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன் என்றாள் அவள். அடுத்த விசாரணைக்கு அவளுக்கு இன்னொரு ஃபைல் இருந்தது. இரும்புப் பட்டையை ஒரு தரம் இறுக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

உத்தரவு ஏப்ரல் ஒன்பதாம் தேதி தபாலில் வந்தது. ‘தானே செய்கிறார்’ என்ற பதினாறு குறிகளில் பதினொன்று திருத்தப்பட்டிருந்தன. காலை உதவி நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம், ஆறிலிருந்து ஒன்பதரைவரை. மறுமதிப்பீடு பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு. மனைவியின் ஷிப்டில் மாற்றமில்லை.